கண்ணாடி ரூமு சாவி

வேணாம் டீச்சரம்மா, சேரெல்லாம் வேணாம், இப்படியே நிக்கறேன். நோயல் சார் வீட்ல இல்லியா? நல்லதாப் போச்சு, உங்ககிட்டதான் பேச வந்தேன். நானு பாஞ்சாலி. உங்க புள்ள வேலை செஞ்ச ஆபீஸ்ல பெருக்கித் துடைக்கறவ. ஜோகுபாளையத்துலருந்து வரேன். ஆமா, சாருக்கு வேலை போய் இன்னியோட பதினெட்டு நாளு. எனக்கும் தெரியும்.

அங்க கட்டடத்துக்குப் படம் போடுவாங்க இல்ல, அதுக்கு ஒரு பெரிய மிஷினு. பிளாட்டர்னு பேரு, கட்டில் அகலம் இருக்கும், பேனாவப் புடிச்சிக்கிட்டு தானாவே கோடு போடும். முன்னெல்லாம் படம் வரையற ஒவ்வொருத்தரும் அதுகிட்டப் போய் அவங்கவங்க இஷ்டத்துக்கு செட்டிங்க மாத்தி வைப்பாங்க. பத்ரிநாத் சார் ஒரு மாதிரி வச்சிட்டுப் போவாரு, பின்னால மமதா மேடம் படம் அனுப்பினா பாதி வீடு பேப்பருக்கு வெளிய நிக்கும். தினம் சண்டை. உங்க புள்ளதான் அதுக்கு முடிவு கட்டினாரு. நீங்க உங்க கம்ப்யூட்டர்ல வரைஞ்சு அனுப்புங்க, அதோட சரி, மிஷினு எப்படி இருக்கணும்னு நான் பார்த்துக்கறேன்னு சொல்லி, அதைக் கண்ணாடி ரூம்ல வச்சுப் பூட்டிட்டாரு. சாவி அவர்கிட்ட மட்டுந்தான்.

ஒரு வருஷம் சத்தமே இல்ல, தெரியுமா? பத்ரிநாத் சார்தான் கிண்டல் பண்ணுவாரு, என்னா பூசாரி, எங்களை உள்ள விடமாட்டியான்னு.

பூஜை லீவு முடிஞ்ச அன்னைக்கு பெரிய பார்ட்டி வந்து உக்காந்திருக்காங்க. படம் அனுப்பினா, பேப்பர் பூரா கிறுக்கல். எத்தனை தரம் அனுப்பினாலும் அதே. நோயல் சார் உள்ள ஓடி சரி பண்றதுக்குள்ள அவங்க எழுந்து போயிட்டாங்க. உள்ள யாரு போனதுன்னு முதலாளி கன்னடத்துல கத்தறாரு. சாவி என்கிட்டதான் இருக்கு, நான்தான் பொறுப்புன்னு சொல்லிட்டாரு சார். நாலு பேரு தொடற மிஷினா இருந்தா பழி யார்மேலயும் நிக்காது. ஒருத்தர் மட்டும் தொடறதுன்னா அவர் தலைலதானே விடியும்?

இல்லம்மா, கவனக்குறைவு இல்ல. அவரைத் திட்டாதீங்க. அதுக்குத்தான் வந்தேன். வேற ஆபீஸ்லருந்து சாரப் பத்தி விசாரிச்சாங்களாம், எங்க முதலாளி போன்லயே கெடுத்துட்டாராம். வாட்ச்மேன் சொன்னான்.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் துடைச்சுப் பொட்டு வைப்போம், நீங்களும் பார்த்திருப்பீங்க. இது மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு சார்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சாவியக் குடுத்தாரு, மேலாகத் துடைங்கக்கா, பின்பக்கம் போகாதீங்கன்னு. பின்னாலதான் டீச்சரம்மா அவ்ளோ அழுக்கு! பழைய பல்லு பிரஷால தேய்ச்சேன். அங்க அரிசி மாதிரி எட்டு வெள்ளை சுவிட்சு. சிலது மேல, சிலது கீழ, கோணலும் மாணலுமா. அதுதான் அந்த செட்டிங்குன்னு எனக்கு அப்பத் தெரியாது. பூஜைக்கு லட்சணமா இருக்கட்டுமேன்னு எட்டையும் கீழ தள்ளி வரிசையா வச்சேன்.

ஆமா. நான்தான்.

முதலாளி கத்தறப்ப அங்கதான் நின்னேன். சார் என்னையப் பார்த்தாரு, ஆனா என் பேரச் சொல்லல. நானும் ஒத்துக்கல. என் வேலையும் போயிடுமேன்னு பயம். நாளைக்கு ஆபீஸ்ல போய்ச் சொல்லிடுவேன்னு நினைக்காதீங்க. அங்க சொல்ற தைரியம் இருந்தா, இங்க வந்து உங்ககிட்ட சொல்லிக்கிட்டு நிப்பேனா?