லாவெண்டர் சோதனையின் முப்பதாவது ஆள்

பஞ்சில் இரண்டு சொட்டு விட்டால் போதும். மூன்றாவது சொட்டு விழுந்தால் சிலருக்குத் தலை வலிக்கும். கண்டக்டரின் மனைவி கொடுத்த புகாரை வைத்து, இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் எண்ணெய்ப் புட்டியை உறையில் போட்டு எடுத்துப் போனதைப் பார்த்தேன். அதில் கலப்படம் எதுவும் இருக்காது. அந்த எண்ணெய் பாவம், அதை விட்டுவிடுங்கள்.

அந்தச் சோதனை என் யோசனை. வயதானவர்கள் லாவெண்டர் வாசனையை முகர்ந்துகொண்டே சைக்கிள் மிதித்தால், நிறுத்திய பிறகு இதயத் துடிப்பு சீக்கிரம் இறங்கும் என்று நம்பினேன். ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு 'அத்தர் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். ஆனால் இரண்டு வருஷம் கேட்டால் யாருக்கும் உறைக்கும். எங்கள் டாக்டர் மட்டும், "செஞ்சு காட்டும்மா, அப்புறம் பேசலாம்" என்றார்.

மொத்தம் முப்பது பேர். ஆளுக்கு இரண்டு நாள்; ஒரு நாள் எண்ணெய், ஒரு நாள் வெறும் தண்ணீர். பஞ்சைச் சட்டைக் காலரில் குத்திவிட்டு, சுவரோரம் நிற்கும் சைக்கிளில் பத்து நிமிடம் மிதிக்க வைப்பேன். நிறுத்திய பிறகு இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது, அவரைத் தொடக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலே துடிப்பு ஏறிவிடும். இரண்டு நிமிட முடிவில் துடிப்பைக் காட்டும் திரையில் நிற்கும் எண்தான் முடிவு. உடம்புக்கு முடியவில்லை என்றால் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் நான் உடனே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். விதியை எழுதியதும் நான்தான்.

இருபத்தொன்பது பேர் முடிந்தபோது, எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. வெற்றி மயிரிழையில் தப்பிப் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பதாவது ஆள் ஓய்வுபெற்ற கண்டக்டர். பெடலில் கால் வைத்ததும் "போலாம், ரைட்" என்பார். அவர் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "மிதிக்கிறதெல்லாம் மிதிச்சுடுவாரும்மா. ரெண்டு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்றே பாரு, அதுதான் அவருக்குத் தண்டனை" என்று சிரிப்பார்.

அவருக்குத் தண்ணீர் நாள் முன்பே முடிந்திருந்தது; அன்று எண்ணெய் நாள். மிதிப்பதை நிறுத்தியபோது நூற்று முப்பத்தொன்று. அரை நிமிடத்தில் நூற்று ஒன்பது. எனக்குச் சந்தோஷம். எண்ணெய் வேலை செய்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நிமிடத்தில் எண்பத்து நான்கு. பிறகு எழுபது, அறுபத்து மூன்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு எழுபத்தெட்டு அடிக்கும். பதினாறு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். களைத்துப்போன இதயம் அதற்குக் கீழே அப்படிச் சரசரவென்று இறங்கினால் அதற்குப் பெயர் நிம்மதி இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் உதடு வெளுத்திருந்தது. அதையும் பார்த்தேன்.

இரண்டு நிமிடம் முடிந்தது. ஐம்பத்தெட்டு. எழுதினேன், பக்கத்தில் நேரத்தையும் குறித்தேன். பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வருவதற்குள் கண்டக்டரின் உயிர் போய்விட்டது. எல்லாம் முடிந்து இறங்கும்போது சரிந்துவிட்டார் என்று சொன்னேன். வயசாயிடுச்சு, என்ன செய்வது என்றார்கள். அவருடைய அந்த ஐம்பத்தெட்டையும் சேர்த்த பிறகு சோதனை வெற்றி. டாக்டர் கை கொடுத்தார். அத்தர் அக்கா என்று அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. இப்போது பூங்காவில் பெரியவர்கள் கைக்குட்டையில் லாவெண்டர் தெளித்துக்கொண்டு நடக்கிறார்களாம்.

வெட்கமாக இருக்கிறது. கண்ணாடியில் பார்த்துத் தலை சீவக்கூட முடியவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லலைம்மா, அமைதியா இருந்தார்" என்றேன்.

அது பொய்யில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பதாவது விநாடியில் கையைத் தூக்கினார். நான் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் சரியென்று தலையாட்டிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.