ஃப்ரிட்ஜில் வைத்த தின்னர்

"ஃப்ரிட்ஜ் கதவுலயா? பால் பாட்டில் பக்கத்துலயா?"

"வெளிய வச்சா ஆவியாப் போயிரும்டி, எத்தனை தடவை..."

"போகட்டுமே. சாப்பிடுற சாமான் வைக்கிற இடத்துல..."

"பெயின்ட்ல கலக்குற தின்னரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"அது நாறுதுன்னு தெரியும்."

"எனக்கு ஒண்ணும் நாறலையே."

நாறாதுதான். என் வீட்டுக்காரர் பஸ் பட்டறையில் பெயின்டர். முப்பத்தைந்து வருடம் ஸ்ப்ரே கன் பிடித்ததில் அவர் மூக்கு செத்துப்போயிருந்தது. படிக்கவும் தெரியாது. பஸ்ஸில் ஊர்ப்பெயரைக்கூடப் படம் வரைவதுபோலப் பார்த்துத்தான் வரைவார்.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டரம்மா. எனக்கு அவசரமில்லை.

வேலையில் மிஞ்சியதை அவர் தூக்கிப் போட மாட்டார். தின்னர், பேட்டரித் தண்ணீர், பூச்சி மருந்து எல்லாம் குடிதண்ணீர் மாதிரியே காலி சோடா பாட்டிலில்தான் இருக்கும். படிக்கத் தெரியாதவருக்குச் சீட்டு ஒட்டி என்ன பயன்? அதனால் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். குடிக்கக் கூடாத பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினேன். இருபது வருடமாக அவர் பார்த்தது அந்தக் கழுத்தைத்தான். நூல் இல்லையென்றால் தண்ணீர். அண்ணாந்து மடமடவென்று பாதி பாட்டிலை இறக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

பாத்திரம் கழுவும் தொட்டியில்தான் பிரஷ் அலசுவார். சல்லடையில் பச்சையும் சிவப்புமாகப் புண்ணின் பொருக்கு மாதிரி படிந்திருக்கும். அதை நான் நகத்தால் உரித்தெடுப்பேன். மூக்கு சிந்திய துணியாலேயே பிரஷ் துடைப்பார். வாய் கொப்பளித்து, நான் கழுவி வைத்த தட்டுகள்மேல் துப்புவார். காறினால் சில நாள் நீலமாக வரும். பாலில் தின்னர் வாடை. தலையணையில் தின்னர் வாடை. கடைசியில் என் உள்ளங்கையிலும் அதே வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை.

போன மாதம் மாநகராட்சியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. ஆபத்தான வீட்டுக் குப்பையைச் சனிக்கிழமை வண்டியில் கொடுக்கலாம். ஒன்றோடொன்று கலக்காதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள், குடிக்கும் பாட்டிலில் வைக்காதீர்கள் என்று போட்டிருந்தது. படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ என் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது.

சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினேன். அவர் வந்து தின்னரை மட்டும் எடுத்து மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தார். முதலில் சொன்னேனே, அந்தச் சண்டை அதற்குத்தான்.

"குப்பை வண்டிக்குத்தானே போற? நீயும் ஏறிக்க. காலாவதியான சரக்கெல்லாம் எடுத்துக்குவாங்களாம்."

முந்தின நாள்தான் லீவுக்கு வந்திருந்த மகள் படுக்கையிலிருந்தே சிரித்தாள். "அப்பா, காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா?"

அவர் குளிக்கப் போனார். நான் தின்னர் பாட்டிலின் நூலை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. தண்ணீர் பாட்டில்களை எல்லாம் எடுத்துக் கழுவிக் கவிழ்த்தேன். அது வாரா வாரம் செய்வதுதான். ஃப்ரிட்ஜில் பாலைத் தவிர ஒரே ஒரு பாட்டில் நின்றது. நான் எதையும் எதிலும் கலக்கவில்லை. யாருக்கும் ஊற்றிக் கொடுக்கவில்லை. வைத்தவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

குப்பை வண்டி முன்னால் ஒன்றரை மணி நேரம் வரிசை. கையுறை போட்ட ஆள் என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பேட்டரி தனி, பெயின்ட் தனி, பேர் வேற எழுதியிருக்கீங்க. எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எங்க பொழப்பு நிம்மதிம்மா" என்றார். அப்படி ஒரு வார்த்தை சொல்லி என்னை யாரும் பாராட்டியதில்லை.

திரும்பி வந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தரையெல்லாம் வாந்தி. கையுறை மாட்டிக்கொண்டு துடைத்தேன். துணியைத் தனிப் பையில் போட்டுக் கட்டினேன். பிறகுதான் ஆட்டோ பிடித்தேன். மறுநாள் காலை உயிர் போனது.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருப்பேன். ஆனால் பாட்டிலை எடுத்துக் கொடுத்தவள் மகள் என்று நீங்கள் அவளை மூன்று நாளாக இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள். அவர் தாகமென்று கேட்டார், அவள் எடுத்துக் கொடுத்தாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. கொன்றது நான். வீட்டில் வேறு யாருக்கும் ஒரு கெடுதலும் வராதபடி, பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். அந்த ஒன்றில் என் மனசாட்சி சுத்தம்.

கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டேன். மூலைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து என் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, அன்னிக்கு நீ கிளம்பிப் போனப்புறம் எந்திரிச்சு நான்தான் முதல்ல ஃப்ரிட்ஜைத் திறந்தேன். எனக்குத் தாகமா இருந்திருந்தா?"