மேலிடத்து உத்தரவு

எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம் மேடம். சமணக் குடும்பங்களில் அப்படித்தான். விளக்கு வைத்த பிறகு அடுப்பு மூட்டினால் பூச்சி பொட்டு வந்து விழும், ஒரு உயிர் போகும், அந்தப் பாவம் நமக்கு எதற்கு. கிழங்கு வகையும் சேர்ப்பதில்லை. எறும்பைக்கூடப் பார்த்து ஒதுங்கி நடக்கிற வீடு. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பெயர் தர்மவதி. வயது ஐம்பத்தாறு. பிறந்தது தொண்டூர், வாழ்க்கைப்பட்டது செஞ்சி. கணவர் தேவராஜ், வல்லம் ஒன்றிய அலுவலகத்தில் துணை பி.டி.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவர். கை கால் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டன. வாய்க்கு மட்டும் பணி நீட்டிப்பு.

அவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பேசுவார், அவ்வளவுதான். நான் வைத்த சாம்பாரை எனக்கே விளக்குவார். கோட்டை பார்க்க வந்து வழி கேட்கிறவர்களுக்கு ராஜகிரி மலையின் உயரத்தைச் சொல்ல ஆரம்பித்தால், அவர்கள் மலை ஏறாமலே களைத்துத் திரும்பிப் போவார்கள். என் அம்மா செத்த அன்று நான் அழுதுகொண்டிருக்கிறேன், பக்கத்தில் நின்று, நான் ஏன் இப்படி அழுகிறேன் என்பதை வந்தவர்களுக்கு அவர் விளக்கிக்கொண்டிருக்கிறார். முப்பத்திரண்டு வருடம் மேடம். எழுதிக்கொள்ளுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு ‘செஞ்சி வட்ட இணையவழி விழிப்புணர்வுப் பேரவை’ என்று ஒன்றை ஆரம்பித்தார். தலைவர் இவர். செயலாளர் இளவழகன் என்ற பிள்ளை, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். உறுப்பினர்கள் என்று பார்த்தால், கூட்டத்தில் போண்டா தீரும்வரை இருப்பார்கள். போனில் யாராவது பேங்கிலிருந்து பேசுகிறோம், கார்டு நம்பர் சொல்லுங்கள் என்று கேட்டால் ஏமாறக் கூடாது என்பதுதான் பேச்சு. அந்தப் பேச்சை எங்கள் கூடத்தில் கண்ணாடி முன் நின்று பதினான்கு முறை ஒத்திகை பார்த்தார். பதினான்கு முறையும் நான் கேட்டேன். அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. பேசுகிறவர் எப்படிக் கேட்பார்?

அந்த மாதிரி மோசடி போன் எங்கள் வீட்டுக்கும் வரும். வந்தால் அவருக்குத் திருவிழா. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வார்.

“யார்கிட்டப் பேசறன்னு தெரியுமா தம்பி உனக்கு? நான் தேவராஜ், துணை பி.டி.ஓ., ஓய்வு. பொறந்த தேதி இது, ரிட்டையரான தேதி இது, என் பென்ஷன் இந்த பேங்குல இந்தக் கிளையில வருது. என்னையா ஏமாத்தப் பாக்குற?”

இப்படி நாற்பது நிமிஷம். ஒரு தடவை எதிர்முனையில் இருந்தவன், “சார், தெரியாம போட்டுட்டேன், ஆளை விடுங்க” என்று அழாத குறையாகச் சொல்லிப் போனை வைத்தான். அவன் கேட்க வந்த விவரம் அத்தனையும் கேட்காமலே கிடைத்துவிட்டதை அவனும் அப்போது கவனித்திருக்க மாட்டான். பிறகு நிதானமாக எழுதி வைத்திருப்பான் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோ கால் வந்தது. காக்கிச் சட்டை, பின்னால் கொடி, மேசையில் கோப்பு. அவர்களுக்கு இவருடைய பிறந்த தேதி முதல் பேங்க் கிளை வரை எல்லாம் தெரிந்திருந்தது. உங்கள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், கேமராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, மனைவியிடம்கூட. இது தேச ரகசியம்.

நான் மோர் கொண்டுபோனேன். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

அவர் பேச்சில் இதைப் பற்றி மூன்றாவது பக்கத்தில் வரும். டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது, உடனே போனை வைத்துவிடுங்கள் என்று மேசையைத் தட்டுவார். பிறகு எப்படி ஏமாந்தார் என்று நீங்கள் கேட்கிறீர்கள். போலிக் கைது சாதாரண ஆட்களுக்கு வருவது மேடம். தன் தகுதிக்கு வருவது அசல் என்று நம்பினார்.

எனக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. அந்த விசிலை முதலிலிருந்து கடைசிவரை முழுசாகக் கேட்டேன். நடுவில் யாரும் குறுக்கே பேசவில்லை. கூடத்துக் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சரி, மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இருக்கட்டும் என்று நினைத்தேன். சாப்பாடு முடிந்ததும், காபி வரைக்கும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பொறுப்பில்லாதவள் என்று எழுதிவிடாதீர்கள். அவருடைய போன் எந்நேரமும் பேச்சில் இருக்கும் என்பதால் பேங்க் ஓடிபி எல்லாம் என்னுடைய பட்டன் போனுக்கு வரும்படி அவரே ஏற்பாடு செய்திருந்தார். அவர் துண்டுச்சீட்டில் எழுதி ஓடிபி கேட்டார். முதல் நாள் எங்கள் கல்யாணத் தேதியை ஆறு இலக்கமாக எழுதிக் கொடுத்தேன். மறுநாள் என் பிறந்த தேதி. இரண்டையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கேமராவைப் பார்த்துத் தெளிவாகப் படித்துக் காட்டினார். தப்பு என்று வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர்கள் பொறுமை இழந்து என்னைக் கூப்பிடச் சொன்னார்கள். அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்றார். நான் சமையல்கட்டுக்குப் போய்ப் பேசினேன்.

“அம்மா, நீங்க கோஆப்பரேட் பண்ணல. உங்க ஹஸ்பண்டை உள்ள தள்ளிடுவோம்.”

“எவ்ளோ நாளைக்கு?”

“இன்னா?”

“இல்ல, எத்தினி நாளைக்கு வெச்சிருப்பீங்கன்னு கேட்டேன். ஒரு கணக்கு தெரிஞ்சா அரிசி ஊறப்போட வசதியா இருக்கும்.”

அவன் குரல் இறங்கியது. “அம்மா, சத்தியமா சொல்றேன், ரெண்டரை நாளா எங்க மூணு பேருக்கும் தலைவலி. வாயத் தொறக்காதன்னு சொல்லியும் சின்னக் குரல்ல எங்களுக்கு அரசாணை சொல்லித் தர்றாரு.”

“இன்னும் ரெண்டு நாள் வெச்சிரு தம்பி.”

அவன் போனை வைத்துவிட்டான். நம்பரையும் பிளாக் செய்துவிட்டான். முப்பத்திரண்டு வருடத்தில் நான் செய்ய முடியாததை அவர்கள் ரெண்டரை நாளில் செய்துவிட்டார்கள். ஓடிப்போய்விட்டார்கள்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் நான் கூடத்துக்குத் திரும்பியபோது அவர் இருண்ட போனுக்கு முன்னால் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு சீட்டை நீட்டினார். ‘லைன் துண்டிப்பு. அடுத்த உத்தரவு என்ன?’

உத்தரவு வேண்டும் என்று கேட்டவர் அவர். நானாகத் திணிக்கவில்லை.

என் மகள் ஜினப்பிரியா பெங்களூருக்குப் போகும்போது விட்டுப்போன பழைய டச் போன் பீரோவில் இருந்தது. கூட்ரோட்டில் குடை கட்டிக்கொண்டு இலவசமாகக் கொடுத்த சிம்மும் இருந்தது. ஓர் அலுவலகக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வருடக்கணக்காகப் பாடம் கேட்டவள் நான். எழுதி அவர் போனுக்கு அனுப்பினேன்.

‘பொருள்: தொடர் காவல். தாங்கள் மறு உத்தரவு வரும்வரை இருக்கையில் நீடிக்க வேண்டும். வாய்மொழி உரையாடல் முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும். குளிக்க அரை மணி நேரம். உணவு சூரியன் மறையும் முன் அனுமதிக்கப்படும். கிழங்கு வகை கூடாது. ஒப்பம், மேலிடம்.’

படித்ததும் அவர் முகம் மலர்ந்தது மேடம். சீட்டில் எழுதிக் காட்டினார்: ‘பார்த்தாயா? நம் வழக்கம்கூட அரசுக்குத் தெரிந்திருக்கிறது. இது அசல்.’

அதன்பிறகு வீடு எங்கள் ஊர்க் குன்று மாதிரி ஆகிவிட்டது. தொண்டூரில் பழைய முனிவர்கள் படுத்த கல்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்தால் காற்று மட்டும்தான் பேசும். எங்கள் கூடத்தில் இப்போது அந்தக் காற்று வந்தது. நான் ரேடியோ கேட்டேன். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிக்கவும் செய்தேன். என் குரல் கொஞ்சம் கட்டை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

உத்தரவுகள் கொஞ்சம் கூடின. அது எந்த நிர்வாகத்திலும் நடப்பதுதான். துவைத்த துணி மடித்து வைக்கப்பட வேண்டும். சாம்பார் குறித்துப் புருவம் உயர்த்துதல் கருத்துரையாகக் கொள்ளப்படும். விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், இரண்டு மூட்டை இருந்தது. நாளொன்றுக்கு ஐந்து படி வீதம் உடைத்துப் பருப்பு எடுக்கப்பட வேண்டும். கட்டை விரல் வீங்கியது. மேலிடம் இரக்கப்பட்டு நான்கு படியாகக் குறைத்தது.

எதிர்வீட்டு ரத்தினம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா, சார் ஊர்ல இல்லியா? தெருவே காலியா இருக்கிற மாதிரி இருக்குது.”

“மௌன விரதம்” என்றேன்.

“அப்படியா” என்று ஜன்னல் வழியாகப் பார்த்தவள், நிமிர்ந்து உட்கார்ந்து மல்லாட்டை உடைக்கிறவரைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து நாலு பேர் வந்து வாசலில் நின்று கும்பிட்டுப் போனார்கள். ஒரு பெண் பரீட்சை எழுதப் போகுமுன் பேனாவை அவர் முன்னால் வைத்து எடுத்துப் போனாள். வாழ்நாள் முழுக்கப் பேசிக் கிடைக்காத மரியாதை. அதையும் நான்தான் சம்பாதித்துக் கொடுத்தேன்.

மகள் போனில், “நைனா எங்கம்மா? எடுக்கவே மாட்டேன்றாரு” என்றாள். அவளிடமும் விரதம் என்றேன். “நம்ம நைனாவா?” என்று சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

பதினைந்தாம் நாள் என்று நினைக்கிறேன், தட்டை எடுக்கப் போனபோது தட்டுக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. ‘தர்மா, பயமாக இருக்கிறது. ராத்திரியில் மார்பு அடைக்கிறது. எனக்கு ஏதாவது ஆனால் நான் தப்பு செய்யவில்லை என்று பாப்பாவிடம் சொல். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்.’

இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். மற்றவர்களும் இங்கேதான் பார்க்கிறார்கள். நான் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் எனக்குச் சொன்னவற்றில் இதுதான் சின்னது, இதுதான் நல்லது. மடித்து உளுந்து டப்பாவில் பத்திரமாக வைத்தேன். பிறகு சமையல்கட்டில் உட்கார்ந்து உத்தரவு எழுதினேன்.

‘காவலில் உள்ளவர் குடும்பத்தினருக்குத் துண்டுச்சீட்டு கொடுப்பது விதிமீறலாகும். உடனடியாக நிறுத்தப்பட வேண்டும்.’

நிறுத்திவிட்டார். அவர் எப்போதுமே விதியை மதிக்கிறவர்.

இருபத்தோராம் நாள் ஞாயிறு. பேரவைக் கூட்டம். தலைப்பு: ‘டிஜிட்டல் கைது: அஞ்சாதீர், ஏமாறாதீர்.’ தலைவர் வரவில்லை என்று இளவழகன் மாலையும் கையுமாக வீட்டுக்கே வந்துவிட்டான். விரதம் என்று நான் சொல்லச் சொல்ல உள்ளே போனான். மேசை மேல் இருந்த போனை எடுத்துப் படித்தான். “அடப்பாவி, சாரையே புடிச்சிட்டானுங்களா” என்று கத்தினான். அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு வரவில்லை. பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களுக்குப் போன் போட்டான்.

நீங்கள் கெட்டிக்காரர். அந்த உத்தரவுகளைப் படித்துக்கொண்டே வந்து, சூரியன் மறையும் முன் உணவு, கிழங்கு கூடாது என்ற வரியில் விரலை வைத்தீர்கள். எந்த ஊர்த் திருடனம்மா கைதிக்குக் கிழங்கு போடாதே என்று சொல்வான் என்று கேட்டீர்கள். ஒரே வரி. அதைக் கருணையால் எழுதினேன், அதில் மாட்டிக்கொண்டேன். இதை யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்காமலே எல்லாவற்றையும் ஏன் ஒப்புக்கொள்கிறேன் என்றால், அவர் நேற்று உங்களிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. இதெல்லாம் உங்கள் மனைவி எழுதியது என்று நீங்கள் எடுத்துச் சொன்னபோது அவர் தலையை ஆட்டினாராம். ஒரு தாளை வாங்கி எழுதிக் காட்டினாராம்: ‘அவளுக்கு இவ்வளவு நன்றாக எழுத வராது. இது மேலிடம்தான்.’

இந்த வழக்கில் எனக்கு வலித்தது அது ஒன்றுதான். ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். முதல் ரெண்டரை நாள் அவர்களுடையது. மீதி நாள் முழுக்க என்னுடையது. நாற்பத்தாறு உத்தரவு, அத்தனையும் நான் எழுதியது, எங்கும் யாரையும் பார்த்து எழுதவில்லை. அவர் கையில் ஒரு காயம் கிடையாது, பேங்கில் ஒரு பைசா குறையவில்லை, ஒரு வேளை பட்டினி கிடையாது. நான் யாரையும் துன்புறுத்தவில்லை.

இப்போதுதான் பட்டினி. நேற்றிலிருந்து அவர் சாப்பிடவில்லை. மகள் வந்து தட்டை வைத்துக்கொண்டு கெஞ்சுகிறாளாம். விடுதலை என்று இளவழகன் எத்தனை முறை சொல்லியும் நாற்காலியை விட்டு எழவில்லையாம். யார் சொன்னாலும் கேட்க மாட்டார். நான் சொன்னாலும் கேட்க மாட்டார், என்றைக்குக் கேட்டார்?

மணி ஐந்தே கால் ஆகிறது மேடம். இன்னும் முக்கால் மணியில் பொழுது சாய்ந்துவிடும். நீங்கள் எடுத்து வைத்திருக்கிற அந்த டச் போனை ஒரே நிமிஷம் கொடுங்கள், ஒரு வரி அனுப்பிவிட்டுத் தந்துவிடுகிறேன்.