ரஞ்சிதாவுக்கு மட்டும் வேறு கெர்னல்

தேங்காய் லாரிகளின் ஹாரனைப் பொறுத்துக்கொண்டால், ஒலிப்பதிவுக்கூடம் வைக்க ஆலங்குடி நல்ல ஊர்தான் சார்.

நீங்கள் கணினியைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் லினக்ஸ் போட்டிருக்கிறேன். உள்ளே இருந்துகொண்டு எல்லா வேலைகளையும் பங்கிட்டுக் கொடுப்பது கெர்னல். ஒலி வேலைக்கு எது தோது என்று ரொம்ப நாள் பார்த்தேன். சாதாரண கெர்னல் முறைவைத்துத்தான் கவனிக்கும். ரியல்டைம் கெர்னலோ, ஒலி வந்துவிட்டால் மற்ற வேலையை நிறுத்திவைத்துவிட்டு அதை முதலில் பார்க்கும். பாடுகிறவர் வாயைத் திறந்ததுமே ஹெட்போனில் அவர் குரல் அவருக்குக் கேட்கும். சாதாரணத்தில் ஒலி உடையாமல் இருக்க, கொஞ்சம் தாமதித்துத்தான் கொடுக்க வேண்டும். தன் குரலே தனக்குப் பின்னால் வந்தால் யாராக இருந்தாலும் நாக்கு குழறும். நான் இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

என் மனைவி ரஞ்சிதா கோயில் பாட்டுகள் பாடுவாள். குடுமியான்மலைத் திருவிழாவில் அவள் பாட்டைக் கேட்டுவிட்டு, திருச்சி கச்சேரிக் குழுக்காரர் ஒருவர் மலேசியாவுக்குக் கூப்பிட்டார். அப்புறம் எந்நேரமும் போனும் கையுமாக இருந்தாள். நான் உள்ளே நுழைந்தால் சிரிப்பு நின்றுவிடும். புதுச்சேலை எடுத்தாள். எனக்காக எடுக்கவில்லை என்று தெரிந்தது. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். எனக்குச் சண்டை பிடிக்காது.

அதனால் மற்றவர்கள் பாட வந்தால் ரியல்டைமில் வைப்பேன். அவள் உட்காரும்போது மட்டும் சாதாரணம். தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன்.

"என்னங்க, என் குரல் எனக்குப் பின்னாடி வருதே."

"மத்தவங்களுக்கு நல்லாத்தானே கேக்குது. ஒன் காதுதான் அப்படி இருக்கு."

அவள் தடுமாறிப் பாடியதை அவளுக்கே போட்டுக் காட்டினேன். அழுதாள். வீட்டில் நன்றாகத்தான் பாடினாள். வீட்டில் பாடுவதெல்லாம் கணக்கில் வராது, மைக்தான் உண்மையைச் சொல்லும் என்றேன். பாடுவதை விட்டாள். பிறகு பேச்சும் திக்கியது. புதுக்கோட்டையில் டாக்டரிடம் காட்டினேன். இல்லாத சத்தம் கேட்கிறதாம் என்று நான்தான் சொன்னேன். மாத்திரை எழுதினார். குழுக்காரர் வேறு ஆளைக் கூட்டிப்போனார். வீடு அமைதியாக இருந்தது.

துபாயிலிருந்து அவள் தம்பி அரவிந்த்குமார் லீவில் வந்தான். விளையாட்டாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கில் பேசினான். இன்னும் திக்குகிறாளா என்று முந்தின நாள் அவளை மைக்கில் பேசவைத்தவன், கெர்னலை மாற்றிவைக்க மறந்திருந்தேன்.

"மச்சான், எனக்கும் பின்னாடிதானே வருது? அக்காவுக்குக் காதுல கோளாறுன்னீங்க?"

ஏதோ ஒயர் பழுது என்றேன். ரஞ்சிதா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது சார். சந்தேகத்தை வைத்துக்கொண்டு தூங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவளாவது நன்றாகத் தூங்கட்டும் என்று மாத்திரைகளைப் பாலில் கரைத்தேன். டாக்டர் சொன்ன அளவில்லை. அட்டையில் இருந்த அத்தனையையும்.

அரவிந்த்குமார் தூக்கிக்கொண்டு ஓடியபோது மூச்சு இருந்தது. இப்போதும் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கண் திறந்ததும் அவள் என்னைத்தான் தேடுவாள். என் குரலைத் தவிர வேறு எந்தக் குரலையும் அவள் நம்புவதில்லை.