மூன்றாம் படுக்கையின் எடை

“ஒரு சொட்டு குடிக்கலங்கிறேன், திரும்பத் திரும்பக் கேக்குற! உன் மிஷின்தான் பொய் சொல்லுது!”

டயாலிசிஸ் வார்டே அதிரக் கத்தியவர் மூன்றாம் படுக்கை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எடை மிஷின் மேல் நின்றபடியேதான் கத்தினார். இரண்டு நாளில் நாலரைக் கிலோ ஏறியிருந்தது. சிறுநீர் பிரியாத உடம்பில் அது சதை அல்ல, தண்ணீர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், நாலரை லிட்டரை எதில் மறைப்பது?

“வீங்கின மூஞ்சியே சொல்லுதே டீச்சர்,” என்றேன்.

“வீட்டுல கேக்க ஆளில்லாதவளுக்கு அடுத்தவ டம்ளர் மேலதான் கண்ணு. இந்த மிஷினையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துடி, போ.”

பன்னிரண்டு படுக்கையும் சிரித்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை, ஐயா. விசாரணையில் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

பத்தொன்பது வருடமாக இந்த வார்டு நர்ஸாக இவர்களைப் பார்க்கிறேன். ஐந்தாம் படுக்கை ஐஸ்கட்டியைச் சப்பிவிட்டு “வாய்தான் கொப்பளிச்சேன்” என்பார். ஏழாம் படுக்கைக்குக் கொழுந்தியாளின் கைப்பையில் ஜூஸ் வரும். சிறுநீரகம் போனால் போகட்டும், வெட்கமுமா கூடவே போகும்?

அன்று மாலை டீச்சரின் மகள் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, தாகம்னு அழறாங்க. நான்தான் டம்ளர் டம்ளரா குடுத்தேன். திட்டாதீங்கக்கா. மூணு வாரத்துல எனக்குக் கல்யாணம். அதுவரைக்கும் அவங்க இருக்கணும்.”

பெற்றவளும் பொய், பெண்ணும் கள்ளத்தனம். நல்ல ஜோடி.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மறுபடியும் நாலு கிலோ.

“எவ்வளவு குடிச்சீங்க டீச்சர்?”

“அளவோடதான்.”

“நீங்க சொன்னா சரிதான்.”

பதிவேட்டில் ஒரு கிலோ என்று எழுதினேன். டியூட்டி டாக்டர் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் பேனா வைத்திருப்பவர். போட்டார். எழுதிய அளவுத் தண்ணீரைத்தான் டயாலிசிஸ் மிஷின் உறிஞ்சும். ஒரு லிட்டரை எடுத்தது, மூன்றை உள்ளேயே விட்டது. நான் எழுதியதை எட்டிப் பார்த்த டீச்சரின் முகத்தில் என்ன பெருமை தெரியுமா? வாத்தியாரை ஏமாற்றிய வாண்டுபோலச் சிரித்தார்.

கிளம்பும்போது, “மூச்சு இன்னும் வாங்குதேம்மா,” என்றார்.

“கத்தாம இருங்க, சரியாயிடும்,” என்றேன்.

அடுத்த முறை திங்கட்கிழமை. அவர் ஞாயிறு மதியமே போய்விட்டார். நுரையீரல் நிறையத் தண்ணீர். வெள்ளிக்கிழமையே தெரியும் எனக்கு, இரண்டு நாள் தாங்காது என்று. தெரிந்துதான் எழுதினேன். எடை மிஷின் எண்களைத் தனக்குள்ளேயே சேமித்து வைக்கும் என்பதுதான் தெரியாது. எட்டு மாதம் கழித்து நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது.

அந்த மகள் தன் டம்ளர்தான் அம்மாவைக் கொன்றது என்று நம்பிவிட்டாள். கல்யாணத்தை அவளே நிறுத்தினாள். மாப்பிள்ளை நாலு மாதம்கூடப் பொறுக்கவில்லை, தன் அத்தை மகளையே கட்டிக்கொண்டார். இவள் வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள், கண்காணாத தூரம். போகும் முன் வார்டுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“என்னாலதானேக்கா எல்லாம்?”

ஆமாம் என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.