அம்பயருக்கு ஒரு உருண்டை களி

எழுந்துக்காதீங்க சார், உக்காருங்க. வயிறு வலிக்கச் சிரிக்கிற மாதிரி ஒரு விஷயம் சொல்றேன்னு சொன்னேன் இல்ல, அது இனிமேதான் வருது. சாதா சிரிப்பு இல்ல சார். சாயந்திரம் திருப்பதி பஸ்ல தனியா உக்காந்து சிரிப்பீங்க, பக்கத்து சீட்டுக்காரன் தள்ளி உக்காந்துக்குவான். ஆனா எடுத்த எடுப்புல சொன்னா அதுல ருசி இல்ல. எங்க டீமு கதை தெரிஞ்சாத்தான் புரியும். நீங்க பாட்டுக்கு துன்னுங்க, நான் பாட்டுக்கு சொல்றேன்.

ஆமா சார், முழு உருண்டையும்தான். அம்பயர் களின்னு அதுக்குப் பேரே கீது. வரதய்யபாளையம் கிரவுண்டுக்கு பேஸ்பால் ஆட்டத்துக்கு எந்த அம்பயர் வந்தாலும், ஒரு உருண்டை களியும் கோழிக்கொழம்பும் முடிச்சிட்டுத்தான் கிரவுண்ட்ல ஹோம் ப்ளேட்டாண்ட போய் நிக்கணும். பாதியில எழுந்தா ரெண்டு டீமுக்கும் ஆகாது. அதோ நிக்கறாங்களே பொன்னியம்மா, எங்க கேச்சர் வேங்கடாசலம் அண்ணனோட அம்மா, அவங்க கிண்டினது. உங்க தட்டையே பாத்துக்கினு கீறாங்க. மிச்சம் வச்சீங்கன்னா மூஞ்சி வாடிப்பூடும்.

வாட்ச்சா? என்னாண்ட பத்திரமா கீது சார். கை கழுவ தண்ணி ஊத்தும்போது நீங்கதானே கழட்டிக் குடுத்தீங்க. டைம் எங்க ஓடிடப் போவுது.

நான் நந்திதா சார். நேத்து போன்ல வழி சொன்னேனே, அது நான்தான். இன்டர் ஃபர்ஸ்ட் இயர், பதினொண்ணாங் கிளாஸு. ஆட்டம் ஆடறதில்ல, மைக்கு என்னுது. யார் கொரலும் வரும். ஒரு தபா கேட்டா போதும். உங்களுது வேணுமா? பஸ்சு லேட்டானா என்ன சார் பண்றதுன்னு நேத்து கேட்டேன் இல்ல, அதுக்கு நீங்க, ஏம்மா, நான் வந்து ப்ளேட்டாண்ட நிக்கற வரைக்கும் அங்க டைமே ஆரம்பம் ஆகாது, தெலுசா? எப்டி சார், அப்டியே கீதா? அந்த தொண்டையக் கனைக்கறதுகூட வந்துடுச்சு பாருங்க.

இல்ல இல்ல, சிரிப்பு இது இல்ல. இது சும்மா ஊறுகா.

எங்க டீமு ஒரு ஜப்பான்காரராலதான் பொறந்திச்சு. ஹராதா சாருன்னு பேரு. ஸ்ரீசிட்டியில ஏதோ கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்தவரு, எங்க தெருவுல மாடி ரூம்ல இருந்தாரு. சாயந்திரமானா, இப்ப நம்ம கிரவுண்டா கீதே இந்தக் காஞ்ச ஏரி, இதுக்குள்ள எறங்கி மதகு செவுத்துல பந்த எறிஞ்சுக்கினு இருப்பாரு. எறிவாரு, திரும்பி வரும், புடிப்பாரு. தனியாவே. ஊரே கரை மேல நின்னு வேடிக்கை பாத்துச்சாம். வேங்கடாசலம் அண்ணனுக்குத்தான் மனசு கேக்கல. மனுசங்க இத்தினி பேர் இருக்கசொல்ல செவுத்தாண்ட இன்னா ஆட்டம்னு போய் எதிர்ல நின்னுட்டாரு. அவ்ளோதான், டீமு ஆயிடுச்சு. அப்பறம் அவரு எறிஞ்ச பந்து அண்ணன் மூக்குல பட்டுச்சு. ஹராதா சாருக்குத் தெரிஞ்சதே ஒரு தமிழ் வார்த்தைதான். குனிஞ்சு, ரொம்ப மரியாதையா, பரவால்லன்னாராம். ரத்தம் இவருக்கு வருது, பரவால்ல அவரு சொல்றாரு. இன்னிக்கும் அந்தக் கொரல்ல பின்னாடிலேர்ந்து பரவால்லன்னு சொன்னா வேங்கடாசலம் அண்ணன் மூக்கப் பொத்திக்குவாரு.

கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா? அவசரப்படாதீங்க சார், தொண்டையில நிக்கும்.

மொத மேட்ச் சித்தூர்ல. அதுவரைக்கும் எங்க ஆளுங்க ஆடினதெல்லாம் கிரிக்கெட்டுதானே. எங்க சின்னப்பன் சித்தப்பா பேட்ட புடிச்சு அடிச்சாரு பாருங்க ஒரு அடி, பந்து எங்கியோ பூடுச்சு. நாலு பேஸையும் நடந்தே சுத்தியிருக்கலாம். இவரு பேட்ட கையிலயே வச்சிக்கினு ஓடி, ஃபர்ஸ்ட் பேஸ்ல பேட்ட நீட்டித் தொட்டுட்டு, அப்டியே யூ டர்ன் அடிச்சு, அடிச்ச எடத்துக்கே வந்து நின்னு ரெண்டு ரன்னுன்னு வெரலக் காமிச்சாரு. சித்தூர்க்காரங்க கிரவுண்ட்ல பொரண்டு சிரிச்சாங்களாம். அன்னிக்கு வந்த அம்பயருக்கு மூக்கால பேச்சு. ஏமய்யா, இதி கிரிக்கெட் காது, கிரிக்கெட் இல்லய்யா, மொதல்ல கட்டைய கீழ போடு. அன்னிலேர்ந்து எங்க ஆளு யாரு அடிச்சாலும் ஊரே கட்டை போடுன்னு கத்தும். சித்தப்பா கல்யாணத்துல தாலி கட்டறப்பகூட பின்னாலேர்ந்து எவனோ கத்துனான்.

இதுவும் இல்ல சார். வரும் வரும்.

கார்வேட்டிநகரம் கேப்டன் வராரு பாருங்க, பவன்குமார் அண்ணன். இன்னிக்கு எங்களோட ஆடப்போறது அவங்கதானே. அண்ணா, சாரு அம்பயர் களி துன்னுகினு கீறாரு. முடிக்காம எழுந்துக்கக் கூடாதுன்னு சொல்லிக்கினு இருந்தேன். கேட்டீங்களா சார், அவரே சொல்றாரு, களி முக்கியம், நிதானமா துன்னுங்கன்னு. எதிர் டீமே சொன்ன பின்னாடி உங்களுக்கு இன்னா அவசரம்.

அவங்களுக்கும் எங்களுக்கும் ஒரு பழக்கம் சார். ஹராதா சாரு ஊருக்குப் போகசொல்ல கிளவுஸெல்லாம் எங்களாண்ட விட்டுட்டுப் போனாரு. அப்ப கார்வேட்டிநகரத்தாண்ட ஒண்ணுகூட இல்ல. அதனால எங்க ஆளுங்க ஃபீல்டிங் முடிச்சு பேட்டிங்குக்கு வரசொல்ல, கிளவுஸ கிரவுண்ட்லயே வச்சிட்டு வருவாங்க. அவங்க வந்து எடுத்து மாட்டிக்குவாங்க. எங்க கிளவுஸாலயே எங்க பந்தப் புடிச்சு எங்களயே அவுட் ஆக்குவாங்க. இப்ப அவங்களாண்ட புதுசு கீது. இருந்தாலும் நடு ஃபீல்டுல ஒண்ண வச்சிட்டுத்தான் வருவோம், அவங்க ஆளும் புதுச வச்சிட்டு அதத்தான் மாட்டுவாரு. கேட்டா, இதுலதான் பந்து ஒட்டுதுன்னுவாரு.

டைமா? ஆவும் சார், ஆவும்.

எண்ணிப் பாக்கணுமா? பாருங்களேன். வெள்ளை சட்டை எட்டு பேரு நிக்கறாங்க. ஒம்பதாவது அதோ, வேலிக்காத்தான் நெழல்ல, தொப்பிய மூஞ்சி மேல போட்டுக்கினு படுத்துக்கினு கீறாரே, பந்து எறியற எங்க பிச்சர் சீனு அண்ணன். ஆட்டத்துக்கு மின்ன ஒரு தூக்கம் போடுவாரு. எழுப்பிட்டா அன்னிக்குக் கை வராது. நீங்க கொழாயாண்ட மூஞ்சி கழுவிக்கினு இருந்தப்ப பேர் கூப்பிட்டாங்களே, சளி புடிச்ச கொரல்ல ஒருத்தர் தெலுங்குல உன்னானு சார்னாரே, அதான் அவரு. உங்க காதாலயே கேட்டீங்க.

தெரியும் சார். டைமுக்கு ஒம்பது பேர் நிக்கலன்னா வாக்கோவர், ஆடாமலே தோத்த கணக்கு. ரூலு எங்களுக்கு நல்லாத் தெரியும், போன வருசம் பட்டதுதானே. சாந்திபுரத்தோட ஆட்டம். கம்பெனியில திடீர்னு ஷிப்ட் மாத்திட்டாங்க, ஏழு பேருதான் நின்னாங்க. அன்னிக்கு வந்த அம்பயர் வாட்ச்சப் பாத்தாரு, கையத் தூக்கினாரு, முடிஞ்சுது. இன்னொரு தபா ஆச்சுன்னா லீக்லேர்ந்தே டீம எடுத்துடுவாங்க. அது ஒண்ணுதான் சார் பயம். எங்க ஆளுங்கள்ல முக்காவாசி பேரு ஸ்ரீசிட்டியில வேலை. வாரம் பூரா கழுத்துல தொங்கற கார்டுல ஒரு நம்பரு. ஞாயித்துக்கெழமை மட்டும் நான் மைக்குல, ஏரிக்கரை இடிஞ்சு விழற மாதிரி, வரதய்யபாளையம் புலி வேங்கடாசலம்னு கூப்பிடுவேன். நெஞ்ச நிமித்திக்கினு நடந்து வருவாரு பாருங்க. நாளைக்கு டீமே இல்லன்னா நான் யாரக் கூப்பிடறது. கோயில் ஒலிபெருக்கியில செருப்ப வெளிய விடுங்கன்னு சொல்லிக்கினு கெடக்கணும்.

சோகமெல்லாம் இல்ல சார். சிரிப்பு கிட்ட வந்துடுச்சு. அந்தக் கடைசி வாய் களிய மட்டும் உள்ள தள்ளுங்க.

இன்னா சார், அங்க பாக்கறீங்க?

ஆடு சார். செங்கம்மா வூட்டு ஆடு, அது பாட்டுக்கு மேயும். சீனு அண்ணனாண்டதான் போவுது, ஒண்ணியும் பண்ணாது. தூக்கம் கெடாது அவருக்கு. ஆமா, சட்டைக் கையக் கடிக்குது. ஆமா சார், வைக்கோல்தான். சீனு அண்ணன் கையிலேர்ந்து ஆடு வைக்கோல இஸ்துகினு கீது. எனக்கும் தெரியுது.

உக்காருங்க சார், கத்தாதீங்க, பொன்னியம்மா பயந்துக்குவாங்க. அந்த ஹாரன் கேக்குதா? ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்சு. கரை மேல நிக்குது பாருங்க, எறங்கி ஓடியாராரே, ஓடிக்கினே வெள்ளை சட்டை மாட்டிக்கினு, அதான் சார் நெஜ சீனு அண்ணன். நைட் ஷிப்ட். மாத்து ஆளு வரலன்னு புடிச்சு வச்சிட்டாங்களாம். காலையில போன் பண்ணி அழுவாத கொறை.

இந்தாங்க வாட்ச். பத்து மணி ஆட்டம், பத்து தாண்டிடுச்சு, ஒத்துக்கறேன். ஆனா நீங்க வந்து ப்ளேட்டாண்ட நிக்கற வரைக்கும் டைமே ஆரம்பம் ஆகாதுன்னு போன்ல சொன்னது நீங்கதானே. இன்னும் நிக்கலியே. எண்ணிக்கோங்க, ஒம்பது. ஆட்டைச் சேக்கல.

சளிக் கொரலா? அது நான் சார். அதோ கட்டியிருக்கே, அந்தத் தார்ப்பாய் பின்னாடி நின்னு சொன்னேன்.

பவன்குமார் அண்ணனுக்கு எல்லாம் தெரியும். வருசா வருசம் இங்க ஆடறவரு, உங்களாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆடாமலே ஜெயிச்சுட்டுப் போயிருக்கலாம். வந்தாரு, களி முக்கியம்னாரு, போய்ட்டாரு. அதோ பாருங்க, நடு ஃபீல்டுல எங்க கிளவுஸு வச்சிருக்கோமான்னு எட்டிப் பாத்துக்கினு கீறாரு.

தட்டு காலி ஆயிடுச்சே சார், கை கழுவ தண்ணி ஊத்தறேன் வாங்க. மூஞ்சியத் திருப்பிக்கினா மட்டும் தெரியாதா, ஒதடு துடிக்குது பாருங்க. சிரிங்க சார், பஸ்சு வரைக்கும் அடக்கி வைக்காதீங்க.

இன்னும் ஒண்ணு கேக்கணுமா, கேளுங்க. அம்பயர் களியா? எத்தினி வருசப் பழக்கமா?

இன்னிக்குக் காலையிலேர்ந்து சார்.