சிவப்புப் பட்டை

அடுத்தவர் சட்டைக்குப் பொத்தான் போடுவது நினைப்பதுபோல் சுலபமில்லை, மேடம். எதிரில் நின்றால் இடம் வலம் மாறிவிடும். பின்னால் நின்று, நம் சட்டைக்குப் போடுவதுபோல் கையைச் சுற்றிப் போட வேண்டும். எனக்கு அது தாமதமாகத்தான் பிடிபட்டது.

முதலிலிருந்தே வருகிறேன். கோர்வையாகப் பேச வராது, குழப்பினால் நிறுத்துங்கள்.

அண்ணனுக்கு இடது தோளில் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தபோது அண்ணி வேலையாக வெளியூரில் இருந்தார். நான் மாலை வகுப்பை விட்டுவிட்டு அண்ணனோடு வந்து தங்கினேன். யாரும் விடச் சொல்லவில்லை. குளிப்பாட்டினேன், தலை துவட்டினேன், தூங்கும்போது கைக்கடியில் தலையணை வைத்தேன். சின்ன வயதிலிருந்து அவர் என்னைக் கூப்பிடுவது 'தண்டம்' என்றுதான். ஒருநாள் தலை துவட்டும்போது சொன்னார்:

"நீ மட்டும் இல்லேன்னா நாறிப் போயிருப்பேன்டா தம்பி."

தம்பி என்றார். அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிசியோதெரபியில் தோள் தேறி வந்தது. பந்தைக் குழிக்குள் மெல்லத் தள்ளும் ஆட்டம் மட்டும் ஆடலாம் என்று நீங்கள் அனுமதி கொடுத்தீர்கள். கோல்ஃப் மைதானத்துக்கு நான்தான் பையைத் தூக்கிப் போனேன். அவருடைய நண்பர் கேட்டார், "யாருப்பா இது?"

"நம்ம தண்டம். பை தூக்க வந்திருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது.

இழுத்துப் பயிற்சி செய்ய நீங்கள் கொடுத்த ரப்பர் பட்டைகளில் மஞ்சள் எளிதில் இழுபடும், சிவப்பு கொஞ்சம் விறைப்பு, பச்சை அதைவிட விறைப்பு. 'இப்போதைக்குச் சிவப்பு, நான் சொல்லாமல் பச்சையைத் தொடக் கூடாது' என்றீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று, அண்ணன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். அதை அவர் வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார். காலுறையின் நிறத்தைக்கூட என்னைத்தான் கேட்பார்.

மைதானத்திலிருந்து திரும்பிய அன்று பச்சையை எடுத்துக் கொடுத்தேன்.

"என்னடா இது, இழுக்கவே முடியல?"

"தோள் சோம்பேறியாயிடுச்சுண்ணே."

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ரோஷக்காரர். சில நாள் கழித்துப் பட்டையை இரண்டாக மடித்துக் கொடுத்தேன். வலித்தால் நிறுத்தச் சொல்லியிருந்தீர்கள். 'வலிச்சா நல்லதுன்னு மேடம் சொன்னாங்க' என்று அவரிடம் சொன்னது நான். அந்தப் பொய்யில் உங்களை இழுத்தது தப்பு. மற்றதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் வந்தபோது அவர் வலியைக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் விளையாட விடமாட்டீர்கள் என்ற பயம். நீங்களும் நம்பி, முழு வீச்சில் ஆடலாம் என்றீர்கள். ஆட்டம் கொஞ்ச நாள் தள்ளிப்போனால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனாலும் அவர் ஆடப் போன அன்று காலை பந்தை வைத்துக் கொடுத்தது நான்தான். வேண்டாம் என்று சொல்ல நேரம் இருந்தது.

நன்றாகத்தான் அடித்தார். பந்து நேராகப் பறந்தது, நண்பர்கள் கை தட்டினார்கள். பிறகு மட்டை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் நண்பர்களைப் பார்க்கவில்லை. என்னைத் தேடினார்.

"தம்பி, கை தூக்க வரலடா."

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்கிறீர்கள். அவர் கூப்பிட்ட பெயரைக் கவனித்தேன். அவ்வளவுதான்.

நார் நைந்துவிட்டது, இனித் தைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மட்டைகளைப் பரணில் போட்டுவிட்டேன். நீங்கள் அவசரப்படுத்திவிட்டீர்கள் என்று அண்ணன் புகார் கொடுத்து, உங்களை விசாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் வந்தேன். பட்டையை மாற்றியது நான். தெரிந்தே மாற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அண்ணனிடம் மட்டும் இப்போது சொல்ல வேண்டாம். இடிந்து போவார். அண்ணியும் இன்னும் வெளியூரில்தான், என்னை விட்டால் அவரைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? பாரமெல்லாம் வலது தோளில் விழுவதால் அதுவும் இப்போது வலிக்கிறதாம். இந்த நேரத்தில் உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே ஒரு பட்டையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

சிவப்பு என்று சொல்லித்தான்.